ஓட்டுல தோத்த சட்டத்த எப்படி வாசிக்கிறது, அடுத்த தடவைக்கு எப்படி ஆள் எண்ணுறது

ஒரே பாலினக் கல்யாணச் சட்டம் எங்கயாவது ஓட்டெடுப்புல தோத்துச்சுனா நம்மாளுங்க உடனே "சனம் இன்னும் மாறல"னு சொல்லிட்டு விட்டுர்றாங்க. சனத்த மட்டும் குத்தம் சொல்லாதீங்க, சபைக்குள்ள ஆள் எண்ணினதுல எங்க பிழைச்சதுனு பாருங்க.

மொதல்ல ஓட்டுக் கணக்க எடுத்து கட்சி வாரியா பிரிங்க. உதாரணத்துக்கு அமெரிக்காவுல நியூயோர்க் மாநில செனட், அதாவது சட்டசபையோட மேல்சபை, 2009 டிசம்பர் 2, ஆதரவு 24, எதிர்ப்பு 38. ஜனநாயகக் கட்சிக்கு 32 பேர் இருந்தாங்க, பெரும்பான்மையே அவங்க கையில, ஆனா 8 பேர் மாத்திப் போட்டாங்க, குடியரசுக் கட்சி 30 பேரும் எதிர்ப்பு. இதுல என்னைய ரொம்ப உறுத்தினது என்னனா அன்னைக்கு எழும்பி எதிரா பேசினது ஒரே ஒரு செனட்டர் தான், மத்தவங்க வாயே திறக்காம இருந்து பேர் கூப்பிட்டதும் "இல்ல"னுட்டு உட்கார்ந்துட்டாங்க. அதனால சும்மா இருக்கிறவர நம்ம பக்கம்னு எண்ணாதீங்க.

அடுத்தது, தோத்த பிறகு என்ன செஞ்சாங்கனு பாருங்க. எதிர்த்து ஓட்டுப் போட்ட சிலர 2010 தேர்தல்ல குறிவச்சு வீட்டுக்கு அனுப்பினாங்க, ஆளுநர் குவோமோ தானே இறங்கி பேசினாரு, மத அமைப்புகளுக்கு பாதுகாப்பு குடுக்கிற வரிகள சட்டத்துல சேர்த்தாங்க. 2011 ஜூன்ல அதே செனட்ல 33க்கு 29னு ஜெயிச்சுச்சு, அந்த 33ல 4 பேர் குடியரசுக் கட்சி.

சபையோட விதியையும் வாசிங்க. வட அயர்லாந்துல 2015 நவம்பர்ல 53க்கு 52னு ஜெயிச்சும் சட்டம் வரல, 30 உறுப்பினர் கையெழுத்து போட்டா தடுக்கலாம்னு அப்ப இருந்த விதிய, எதிர்த்து நின்ன டியூபி கட்சி எடுத்துப் போட்டுருச்சு.

இப்ப நம்ம நாடு, இலங்கை. இங்க கல்யாணம் வரைக்கும் பேச்சே போகல, ஒரே பாலின உறவ குத்தமாக்குற தண்டனைச் சட்டம் 365, 365ஏ பிரிவுகள மாத்துறதுக்கே பிரேம்நாத் தொலவத்த எம்பி தனிநபர் மசோதா கொண்டு வந்தாரு, 2023 மே மாசம் உயர் நீதிமன்றம் சாதாரண பெரும்பான்மை போதும்னு சொல்லிருச்சு. அதாவது வழி திறந்து தான் இருந்துச்சு. ஓட்டுக்கு வராமலே கிடந்து 2024 செப்டம்பர்ல பாராளுமன்றம் கலைஞ்சதோட அதுவும் போச்சு. எதிர்த்து கை தூக்கினவர்னு ஒருத்தர் பேர் கூட நம்ம கையில இல்ல, எனக்கு இது தோல்விய விட மோசம்.

அதனால இப்பவே ஒரு சீஆர் கொப்பி வாங்குங்க. நுவரெலியா 8, பதுளை 9, மொத்தம் 17 எம்பி. ஒவ்வொரு பேருக்கு நேரயும் மூணு கோடு: சனத்துக்கு முன்னால சொன்னாரா, ரூமுக்குள்ள மட்டும் சொன்னாரா, "பார்ப்போம்"னாரா. முதல் கோட்டுல இருக்கிறத மட்டும் ஓட்டா எண்ணுங்க. ரெண்டாவது கோட்டுல இருக்கிறவர ஒரு கூட்டத்துல கேளுங்க, அங்கயும் சொன்னா அழிச்சு இடம் மாத்துங்க, பென்சில்ல எழுதினா தான் அது முடியும்.

தனியா போகாதீங்க. 1947ல நம்ம மலையகச் சனம் எம்பிமார அனுப்பியும் அடுத்த வருஷமே நம்மாளுங்க குடியுரிமைய பறிச்ச சட்டத்த தடுக்க முடியல, கூட நிக்க ஆள் பத்தல. தோட்டத் தலைவர், கோயில் கமிட்டியில நாலு வார்த்த கேக்கிறவர், தேயிலைக் கொழுந்து நிறுக்கிற மடுவத்துல பேச்சு எடுபடுற அக்கா, இவங்க கூட வந்தா எம்பி உட்கார வச்சு கதைப்பாரு.

நானும் என் துணையும் ஹட்டன்ல வாடகைக்கு இருக்கோம், வீட்டுக்காரம்மாவுக்கு நாங்க மாமன் மச்சான். எங்க கொப்பியில இப்ப முதல் கோட்டுல யாரும் இல்ல, ரெண்டாவதுல ஒருத்தர் இருக்காரு. ஞாயித்துக்கிழமை அவர் ஆபிசுக்கு மறுபடி போறோம், இந்த தடவை எங்க தோட்டத்து அக்கா ரெண்டு பேரும் வர்றாங்க.