ஏற்காட்டு வீட்டு கீசரைச் சேலத்திலிருந்து போடுபவர்கள் தவிர்க்க வேண்டிய தவறுகள்

சேலத்தில் கிளம்பும்போதே ஃபோனில் ஏற்காட்டு வீட்டு கீசரைப் போட்டுவிட்டால், இருபது கொண்டை ஊசி வளைவையும் தாண்டிப் போய் இறங்கும்போது வெந்நீர் தயார். நியாயமான ஆசைதான். ஆனால் இதற்கான ஸ்மார்ட் பிளக்கை, அதாவது ஃபோன் ஆப்பிலிருந்தே போட்டு அணைக்கும் பிளக்கை, வாங்கப் போகிறவர்கள் ஆப் எப்படி இருக்கிறது என்று பார்க்கும் அளவுக்கு அது எத்தனை ஆம்பியர் தாங்கும் என்று பார்ப்பதில்லை.

2000 வாட் கீசர் 230 வோல்ட்டில் கிட்டத்தட்ட 9 ஆம்பியர் இழுக்கும். 3000 வாட் இன்ஸ்டன்ட் கீசர் என்றால் 13. மலிவாகக் கிடைக்கிறதே என்று 6 அல்லது 10 ஆம்பியர் ஸ்மார்ட் பிளக்கை மாட்டினால், அது சூடேறி உருகுவதற்கு நாமே வழி செய்கிறோம். 16 ஆம்பியர் பிளக்தான் வேண்டும். பழைய எஸ்டேட் வீடு என்றால் சாக்கெட் லூஸாக இருக்கிறதா, எர்த் சரியாக இருக்கிறதா என்று எலக்ட்ரீஷியனிடம் காட்டிய பிறகு மாட்டுங்கள்.

அடுத்தது, பலர் யோசிக்கவே யோசிக்காத ஒன்று. கரண்ட் போய்த் திரும்பி வந்தால் பிளக் எந்த நிலையில் இருக்க வேண்டும் என்பதற்கு ஆப்பில் ஒரு செட்டிங் உண்டு. 'பழைய நிலை' என்று இருந்தால், ஓடிக்கொண்டிருந்த கீசர் கரண்ட் வந்ததும் மறுபடி ஓட ஆரம்பிக்கும். அதே நேரம் மோடம் உயிர் பெறவில்லை என்றால், சேலத்தில் உட்கார்ந்து எத்தனை முறை பட்டனைத் தட்டினாலும் அணையாது. மழைக்காலத்தில் மலையில் கரண்ட்டும் நெட்டும் சேர்ந்து போவது தெரிந்த கதைதானே. 'ஆஃப்' என்று மாற்றிவிடுங்கள். கூடவே, அரை மணியில் தானாக அணையும் டைமரை, நெட் இல்லாமலும் பிளக்கிலேயே ஓடுகிற வகையாகப் பார்த்து வைத்துக்கொள்ளுங்கள். 15 லிட்டர் தண்ணீரை 15 டிகிரியிலிருந்து 60 டிகிரிக்குக் கொண்டுபோக 2000 வாட் கீசருக்கு ஏறத்தாழ 25 நிமிடம் போதும், செலவு முக்கால் யூனிட்டுக்குச் சற்று மேல். நாள் முழுக்க ஓட விட ஒரு காரணமும் இல்லை. டிகிரியைக் கூட்டி வைத்தால் சீக்கிரம் சூடாகும் என்பதும் தப்பு. காயில் அதே வேகத்தில்தான் சூடேற்றும்.

இருப்பிடம் பார்த்துத் தானே ஆன் ஆகும் வசதி இங்கே சரிப்படாது. அது சாலைத் தூரத்தைப் பார்ப்பதில்லை, நேர்க்கோட்டில் அளக்கும். ஏற்காட்டு வீட்டைச் சுற்றி ஆப்பில் வரையும் வட்டத்தைப் பெரிதாக வைத்தால், மலையடிவாரத்துக் கன்னங்குறிச்சிக்குக் காய்கறி வாங்கப் போனாலே மலையில் கீசர் ஓடும்.

ரூம் ஹீட்டரை மட்டும் தூரத்திலிருந்து போடவே போடாதீர்கள். ஆளில்லாத அறையில் திரைச்சீலையோ போர்வையோ அதன்மேல் சாய்ந்து கிடந்தால் யார் பார்ப்பது?

வெளிநாட்டிலிருந்து சொந்தக்காரர் கொண்டுவரும் தெர்மோஸ்டாட்டும் (சூட்டைக் கட்டுப்படுத்தும் கருவி) வேண்டாம். வீடு முழுவதையும் ஒரே இடத்திலிருந்து சூடாக்கும் அமைப்புக்காகச் செய்தது அது. அவற்றில் பல 24 வோல்ட்டில் இயங்குபவை, நம் லைனில் நேரடியாகக் கொடுத்தால் போச்சு.

டிஜிட்டல் பட்டன் வைத்த கீசரில் இன்னொரு சிக்கல். பிளக் கரண்ட் கொடுத்தாலும் சில மாடல்கள் பட்டனை அழுத்தும்வரை ஓடாது. வாங்கும் முன் கடையிலேயே கீசருக்குக் கரண்ட் வரும் ஸ்விட்சை அணைத்துப் போட்டுப் பாருங்கள். அப்புறம், வீட்டைப் பார்த்துக்கொள்பவர் கிளம்பும்போது சுவர் ஸ்விட்சை அணைத்துவிடுவார், அப்புறம் ஃபோனில் தட்டியும் பயனில்லை. அவரிடம் முதலிலேயே ஒரு வார்த்தை சொல்லி வையுங்கள்.