மாஸ்டரிங்கில் கம்ப்ரஸரைக் கையாளும்போது

மாஸ்டரிங் நிலையில், அதாவது கலவை முடிந்த பாடலை வெளியீட்டுக்குத் தயாராக்கும் கடைசிக் கட்டத்தில், உரத்த பகுதிகளைத் தாழ்த்தும் கம்ப்ரஸர் மென்பொருளைச் சேர்த்தவுடன் பாடல் மேம்பட்டுவிட்டதாகத் தோன்றுவதற்குப் பெரும்பாலும் ஒலியளவு கூடியதே காரணம் என்பதால், அவுட்புட் கெயினைக் (வெளியேறும் ஒலியளவை) குறைத்து, பைபாஸில் (கம்ப்ரஸரை விலக்கி வைத்து) கேட்கும் அளவுக்கு இணையாக்கிய பின்னரே இரண்டையும் ஒப்பிட வேண்டும். இந்தப் பழக்கம் இல்லாவிட்டால் மற்ற அமைப்புகளைப் பற்றிப் பேசுவதில் பொருளில்லை.

முழுப் பாடலுக்கு ரேஷியோ (வரம்பைத் தாண்டும் ஒலியைக் குறைக்கும் விகிதம்) 1.5:1 முதல் 2:1 வரை பொதுவாகப் போதும். உரத்த பகுதிகளில் கெயின் ரிடக்ஷன் (கம்ப்ரஸர் ஒலியைக் குறைக்கும் அளவு) 1 அல்லது 2 டெசிபலைத் தாண்டாதவாறு த்ரெஷோல்டை (கம்ப்ரஸர் செயல்படத் தொடங்கும் வரம்பை) வைக்கலாம். அட்டாக்கை (வரம்பைத் தாண்டியபின் ஒலியைக் குறைக்க எடுக்கும் நேரத்தை) 30 மில்லிவினாடியை ஒட்டி வைத்தால் தாள வாத்தியங்களின் முதல் அடி மழுங்காமல் தப்பும்; ரிலீஸை (குறைப்பு விலக எடுக்கும் நேரத்தை), அடுத்த அடி விழுவதற்குள் கெயின் ரிடக்ஷன் மீட்டர் பூஜ்யத்தை நெருங்கும்படி காதால் கேட்டுச் சரிசெய்ய வேண்டும். கிக் டிரம் ஒலிக்கும்போதெல்லாம் பாடகரின் குரலும் சேர்ந்து தாழ்ந்து எழுகிறது என்றால், ஆற்றல் மிகுந்த தாழ் அதிர்வெண்களே கம்ப்ரஸரை இயக்குகின்றன என்று கொள்ளலாம். சைட்செயினில் (கம்ப்ரஸர் ஒலியளவைக் கண்டறியப் பயன்படுத்தும் தனிப் பாதையில்) 100 ஹெர்ட்ஸ் அளவில், தாழ் அதிர்வெண்களைத் தடுக்கும் ஹை-பாஸ் ஃபில்ட்டரை இட்டால், கம்ப்ரஸரின் கண்டறியும் பகுதி மட்டுமே பேஸைப் (தாழ் ஒலிகளை) பொருட்படுத்தாமல் விடும். கேட்கும் ஒலியில் பேஸ் வெட்டப்படாது. அதிர்வெண் பட்டைகளைத் தனித்தனியே கையாளும் மல்ட்டிபேண்ட் கம்ப்ரஸரைத் தேடி ஓடுவதற்கு முன் (பலரும் அப்படித்தான் ஓடுகிறார்கள்) இதைச் செய்து பார்ப்பது நல்லது.

ஸ்பாட்டிஃபை இயல்பமைப்பில் பாடல்களை −14 எல்யூஎஃப்எஸ் (காதுக்குத் தோன்றும் உரப்பின் அலகு) அளவுக்குச் சமன்செய்வதால், லிமிட்டரை (ஒலி ஓர் உச்சவரம்பைத் தாண்டாமல் தடுக்கும் கருவியை) மிகையாக நெருக்கிப் பெறும் உரப்பு அங்கே நிலைப்பதில்லை. லிமிட்டரின் உச்சவரம்பை ட்ரூ பீக் (டிஜிட்டல் மாதிரிகளுக்கு இடையே எழும் உச்சங்களையும் சேர்த்த) கணக்கில் −1 டெசிபலில் வைப்பது பாதுகாப்பானது. ஏனெனில், எம்பி3 போன்ற வடிவங்களுக்கு மாற்றும்போது உச்சங்கள் சற்றே உயரக்கூடும்.