வோல்ட் காட்டுகிறது, விளக்கு எரியவில்லை: வள்ளத்து வயரிங்கில் கோளாறைக் கண்டுபிடிப்பது

அணியத்தில் (வள்ளத்தின் முன்பக்கம்) சிவப்பும் பச்சையுமாக ஓர விளக்கு, கம்பத்தில் ஒரு வெள்ளை விளக்கு, ஜிபிஎஸ், ஆழம் பார்க்கும் எக்கோ சவுண்டர், ஒரு விஎச்எஃப் வயர்லெஸ் செட், உள்ளே சேரும் தண்ணீரை இறைக்க ஒரு பம்ப். முப்பதடி ஃபைபர் வள்ளத்தில் மொத்த மின்சாரமும் அவ்வளவுதான், ஒரு பைக்கில் இருப்பதை விடக் கொஞ்சம் அதிகம். பைக் வயரிங் பத்து வருஷம் கிடக்கும், வள்ளத்து வயரிங் இரண்டு வருஷத்தில் பல்லிளிக்கும். உப்பும் ஆட்டமும்தான் காரணம். உப்பு செம்பைத் தின்னும், எஞ்சின் அதிர்வு மிச்சம் இருப்பதை உடைக்கும். விசைப்படகுகளுக்காவது கிழக்குக் கரையில் ஏப்ரல் 15 முதல் ஜூன் 14 வரை 61 நாள் தடைக்காலம் உண்டு, இழுத்துப் போட்டு எல்லாவற்றையும் பார்த்துவிடுவார்கள். வள்ளத்துக்கு அந்த ஓய்வும் கிடையாது, மதியம் கரைக்கு வந்து ராத்திரி இறங்குவதற்குள் கிடைக்கும் நேரத்தில்தான் பார்க்க வேண்டும். அதனால் எங்கே தேடுவது என்று தெரிந்து தேடுங்கள்.

முதலில் என் கதை ஒன்று. நாகப்பட்டினம் பக்கம் ஒரு வள்ளத்தில் அணியத்து விளக்கு எரியவில்லை என்று போனேன். பல்பைக் கழற்றிவிட்டு ஹோல்டரில் மீட்டரை வைத்தேன், 12.5 வோல்ட். சரி, பல்பு போச்சு என்று புதுப் பல்பு போட்டேன். எரியவில்லை. இன்னொன்று போட்டேன். அதுவும் இல்லை. ஹோல்டரை மாற்றினேன். படகுக்கார அண்ணன் ஒன்றும் சொல்லாமல் பார்த்துக்கொண்டே இருந்தார், அதுதான் பெரிய அவமானம். கடைசியில் கோளாறு இருந்தது பின்பக்கத்தில், பேட்டரிப் பெட்டிக்கு மேலே, எல்லா நெகட்டிவ் வயரும் வந்து சேரும் ஸ்குரூவில். மேலே பார்க்க நன்றாகத்தான் இருந்தது. அந்த விளக்கு வயரின் லக்கை (வயர் முனையில் அழுத்தி ஸ்குரூவில் மாட்டும் உலோக வளையம்) திருப்பினால் அடியில் பச்சையாகக் களிம்பு, வயரின் அத்தனை இழைகளும் போய் ஒன்றோ இரண்டோதான் ஒட்டிக்கொண்டிருந்தன.

மீட்டர் ஏன் ஏமாற்றியது என்றால், அது தனக்கென்று மின்னோட்டமே எடுக்காது என்று சொல்லிவிடலாம். தலைமுடி அளவு இழை ஒன்று தொட்டுக்கொண்டிருந்தால் போதும், முழு வோல்ட்டைக் காட்டிவிடும். பல்பைப் போட்டு ஓர் ஆம்பியர் இரண்டு ஆம்பியர் இழுத்தவுடன் அந்த வோல்ட் முழுக்கக் களிம்பிலேயே நின்றுவிடுகிறது, பல்புக்கு ஒன்றும் மிஞ்சுவதில்லை. ஆகவே பல்பைக் கழற்றிவைத்துக்கொண்டு வோல்ட் பார்த்துப் பிரயோஜனமில்லை. சுமை ஓடிக்கொண்டிருக்கும்போதே பாருங்கள். அன்றைக்குப் பிறகு நான் மாறிக்கொண்டது இதில்தான்.

கருவி என்று பெரிதாக ஒன்றும் வேண்டாம். சில நூறு ரூபாய் டிஜிட்டல் மல்டிமீட்டர் ஒன்று. கார் பிரேக் விளக்கின் 21 வாட் பல்பை ஒரு ஹோல்டரில் மாட்டி, இரண்டு வயர் இழுத்து, முனையில் கிளிப் போட்டால் டெஸ்ட் லேம்ப் தயார். இது ஒன்றே முக்கால் ஆம்பியர் இழுக்கும், அதனால் மீட்டரைப் போலப் பொய் சொல்லாது. அப்புறம் வள்ளத்தின் நீளத்துக்கு ஒரு தனி வயர், இரண்டு முனையிலும் கிளிப்போடு. கை வைக்கும் முன்பு மோதிரம், இரும்பு வாட்ச் பட்டை எல்லாவற்றையும் கழற்றிவிடுங்கள். 12 வோல்ட் ஷாக் அடிக்காதுதான், ஆனால் ஸ்பேனரோ மோதிரமோ இரண்டு முனைக்கும் குறுக்கே விழுந்தால் பழுத்துவிடும். பேட்டரி சார்ஜ் ஆகும்போது ஹைட்ரஜன் வரும், பக்கத்தில் உட்கார்ந்து பீடி பற்றவைக்கிறவரை முதலில் எழுப்பி அனுப்புங்கள். கழற்றும்போது நெகட்டிவ் முதலில், மாட்டும்போது நெகட்டிவ் கடைசியில்.

பேட்டரியில் தொடங்குங்கள். சார்ஜ் போட்டு எடுத்து இரண்டு மூன்று மணி நேரம் சும்மா வைத்த பிறகு 12.6 அல்லது 12.7 இருந்தால் முழு சார்ஜ். 12.2 என்றால் பாதிதான். 12க்குக் கீழே போனால் காலி என்றே வைத்துக்கொள்ளுங்கள். நல்ல எண் வந்தாலும் நம்பாமல் எல்லா விளக்கையும் போட்டுவிட்டுப் பத்து நிமிஷம் பாருங்கள், வோல்ட் மளமளவென்று இறங்கினால் பேட்டரிதான் குற்றவாளி, வயரைத் தொட வேண்டாம். சார்ஜிங் வசதி உள்ள எஞ்சினாக இருந்தால் ஓடும்போது 13.8லிருந்து 14.4 வரை காட்ட வேண்டும். 12.4லேயே நின்றால் பெல்ட், ஆல்டர்னேட்டர், அதன் வயர் இதில் ஏதோ ஒன்று. 15ஐத் தாண்டினால் ரெகுலேட்டர் போய்விட்டது, பேட்டரித் தண்ணீர் சீக்கிரம் வற்றும், பல்புகளும் அடிக்கடி போகும். நிறைய வள்ளங்களில் சார்ஜிங்கே கிடையாது, பேட்டரியைத் தூக்கிக்கொண்டு போய் வீட்டில் சார்ஜ் போடுவார்கள். அப்படித் தினம் கழற்றி மாட்டுகிற, பேட்டரி முனையைப் பிடிக்கும் கிளாம்ப் தேய்ந்து லூசாகும். கையால் திருகிப் பாருங்கள், அசைந்தால் அங்கேயே பாதி வேலை முடிந்தது.

பேட்டரி நன்றாக இருந்து விளக்கு மங்கலாக எரிந்தால்தான் உண்மையான தேடல். விளக்கைப் போட்டபடியே மீட்டரின் ஒரு முனையைப் பேட்டரியின் பாசிட்டிவில் வையுங்கள், இன்னொன்றை (இதற்குத்தான் அந்த நீள வயர்) விளக்கின் பாசிட்டிவில். அதாவது ஒரே வயரின் இரண்டு முனைகளுக்கும் நடுவே எவ்வளவு வோல்ட் தொலைகிறது என்று பார்க்கிறோம். 0.2, 0.3 வந்தால் பரவாயில்லை. ஒன்று, இரண்டு என்று வந்தால் அந்தப் பாதையில் எங்கோ தடை இருக்கிறது. அதே மாதிரி பேட்டரி நெகட்டிவிலிருந்து விளக்கின் நெகட்டிவ் வரை. இந்த இரண்டாவதை யாரும் செய்வதில்லை, நானும் செய்யவில்லை, அதனால்தான் இரண்டு பல்பும் ஒரு ஹோல்டரும் வீண். காரில் பாடியே எர்த், மின்சாரம் அதன் வழியே திரும்பிவிடும். ஃபைபர் வள்ளத்தில் அப்படி இல்லை, போகிற வயர் எவ்வளவு நீளமோ திரும்பும் வயரும் அவ்வளவு நீளம், அதிலும் அத்தனை இணைப்பு.

எந்தப் பக்கம் தொலைகிறது என்று தெரிந்துவிட்டால், விளக்கு முனையில் இருக்கும் மீட்டர் கம்பியை ஒவ்வொரு இணைப்பாகப் பேட்டரியை நோக்கி நகர்த்திக்கொண்டே வாருங்கள். ஹோல்டர், ஜாயிண்ட், சுவிட்ச், ஃபியூஸ் பெட்டி. எந்த இடத்தைத் தாண்டியவுடன் 1.8 என்பது சட்டென்று 0.1 ஆகிறதோ, அந்த இடம்தான். பெரும்பாலும் அது யாரோ முறுக்கி டேப் சுற்றிய இடமாக இருக்கும்.

டேப்பைப் பற்றி எனக்குக் கோபம் உண்டு. வெயிலில் அதன் பசை உருகிப் பிசுபிசுத்துவிடும், தண்ணீர் உள்ளே போகும், ஆனால் வெளியே வராது, உப்புத் தண்ணீரை ஊறுகாய் ஜாடி மாதிரி பத்திரமாக வைத்திருக்கும். அதை அவிழ்த்து வயரை நறுக்குங்கள். உள்ளே செம்பு கறுத்திருந்தால் பளபளப்பு வரும் வரை பின்னோக்கி நறுக்கிக்கொண்டே போங்கள், ஈரம் இன்சுலேஷனுக்குள்ளேயே ஊர்ந்து போயிருக்கும். கறுத்த செம்பில் கிரிம்ப்பும் (லக்கை வயரோடு அழுத்திப் பிடிப்பது) பிடிக்காது, ஈயமும் ஒட்டாது. ஒரு முழம் நறுக்கியும் கறுப்பாகவே வந்தால் வயரையே மாற்றிவிடுங்கள், முடிந்தால் வெள்ளீயம் பூசிய பல இழை வயராக. வீட்டு வயர் மலிவுதான், ஆனால் பூச்சில்லாத செம்பு கடலில் சீக்கிரம் கறுக்கும். லக்கைக் கட்டிங் பிளேயரால் நசுக்காமல் கிரிம்ப்பிங் டூலால் அழுத்தி, இழுத்துப் பார்த்து, மேலே சூட்டில் சுருங்கும், உள்பக்கம் பசை உள்ள ஹீட் ஷ்ரிங்க் டியூப் போட்டுச் சூடு காட்டுங்கள். ஓரத்தில் பசை லேசாகக் கசிந்தால் நன்றாக மூடிவிட்டது என்று அர்த்தம். வெறும் ஈயம் வைத்துப் பற்றவைத்து விட்டுவிடாதீர்கள், ஈயம் முடியும் இடத்தில் வயர் விறைத்து அதிர்வில் முறியும். ஸ்குரூவை முறுக்கிய பிறகு மேலே வாசலின் தடவலாம், முறுக்கும் முன்பு அல்ல.

இணைப்பெல்லாம் நன்றாக இருந்தும் வோல்ட் தொலைந்தால் வயர் மெலிசு. கணக்கு எளிது: 1.5 சதுர மில்லிமீட்டர் வயரில் 5 மீட்டர் தள்ளி இருக்கும் கருவிக்கு 5 ஆம்பியர் போனால், போக வர 10 மீட்டரில் ஏறக்குறைய 0.6 வோல்ட் போய்விடும். அதே இடத்தில் 2.5 போட்டால் 0.37 தான். எல்இடி விளக்குக்கு இது பெரிதில்லை, வயர்லெஸ் செட்டுக்குப் பெரிது. விஎச்எஃப்பில் அடுத்தவர் பேசுவது அழகாகக் கேட்கிறது, நாம் பொத்தானை அழுத்திப் பேசினால் செட் அணைந்து எரிகிறது என்றால் செட் கெட்டுவிட்டது என்று ரிப்பேருக்குத் தூக்காதீர்கள். கேட்க அரை ஆம்பியர் போதும், 25 வாட்டில் பேச ஐந்தாறு ஆம்பியர் வேண்டும். பேசும் பொத்தானை அழுத்தியபடி செட்டின் பின்னால் வோல்ட் பாருங்கள் (யாரும் பேசாத சேனலில், 16இல் வேண்டாம், அது ஆபத்து அழைப்புக்கானது). செல்ஃப் அடிக்கும்போது ஜிபிஎஸ் அணைந்து எரிவதும் இதே குடும்பம்தான், ஸ்டார்ட்டர் இழுக்கிற இழுப்பில் வோல்ட் விழுகிறது. பேட்டரியும் கிளாம்ப்பும் சரியென்றால் ஜிபிஎஸ்ஸுக்குப் பேட்டரியிலிருந்தே தனி வயர், தன் ஃபியூஸோடு இழுத்துக் கொடுங்கள்.

ஃபியூஸ் திரும்பத் திரும்பப் போகிறதா? பெரிய ஃபியூஸோ சிகரெட் பெட்டியின் ஜிகினாத் தாளோ வைக்காதீர்கள், ஃபைபர் எரிய ஆரம்பித்தால் கடலில் ஓட இடமில்லை. ஃபியூஸைக் கழற்றி அந்த இரண்டு முனையிலும் டெஸ்ட் லேம்பை மாட்டுங்கள். அந்த லைனில் உள்ள எல்லாவற்றையும் கழற்றிய பிறகும் பல்பு பிரகாசமாக எரிந்தால் வயரிலேயே ஷார்ட். வயர் ஓட்டை வழியாகப் போகும் இடங்களை ஒவ்வொன்றாக அசையுங்கள், பல்பு கண் சிமிட்டும் இடத்தில் இன்சுலேஷன் அறுந்திருக்கும். பம்ப் லைனில் மட்டும் ஃபியூஸ் போகிறது என்றால் முதலில் பம்பைக் கழற்றிப் பாருங்கள், நைலான் நூலோ மீன் செதிலோ சிக்கி மோட்டார் திணறுவதுதான் வழக்கம். பம்பின் ஜாயிண்ட் தண்ணீரிலேயே கிடந்தால் அதை மேலே தூக்கிக் கட்டுங்கள்.

ராத்திரி வைத்த பேட்டரி காலையில் இறங்கிக் கிடந்தால், எல்லாவற்றையும் அணைத்துவிட்டு, நெகட்டிவ் கேபிளைக் கழற்றி, அதற்கும் பேட்டரி முனைக்கும் நடுவே மீட்டரை 10 ஆம்பியரில் வையுங்கள். அந்த நேரத்தில் செல்ஃப் அடித்தால் மீட்டர் காலி. 0.02, 0.03 என்றால் விடுங்கள். அரை ஆம்பியர் காட்டினால் ஒரு நாளைக்கு 12 ஆம்பியர்-அவர் (ஆம்பியர் மணி), 60 ஆம்பியர்-அவர் பேட்டரி இரண்டரை நாளில் பாதியாகிவிடும். ஃபியூஸை ஒவ்வொன்றாகப் பிடுங்குங்கள், எதைப் பிடுங்கியதும் எண் விழுகிறதோ அந்த லைன்.

புது எல்இடி போட்ட பிறகு வயர்லெஸ்ஸில் இரைச்சல் வந்தால் விளக்கை அணைத்துப் பாருங்கள். இரைச்சல் நின்றால் விளக்குக்குள் இருக்கும் மலிவான டிரைவர் சர்க்யூட்தான், வயரில் தேட ஒன்றுமில்லை, வேறு விளக்கு வாங்குங்கள்.

வேலை முடிந்ததும் எந்த ஃபியூஸ் எதற்கு, எந்த நிற வயர் எங்கே போகிறது என்று ஒரு அட்டையில் எழுதிப் பெட்டி மூடியின் உள்பக்கம் ஒட்டிவிடுங்கள். ஜெல் பேனா வேண்டாம், ஈரத்தில் கரைந்துவிடும். பென்சிலே போதும்.