இகாலுயிட் – யெல்லோநைஃப்: தூரத்தையும் பறக்கும் நேரத்தையும் நாமே கணக்கிடுவது எப்படி?

இகாலுயிட் கனடாவின் நுனாவுட் பிரதேசத்துக்குத் தலைநகர். யெல்லோநைஃப் பக்கத்திலுள்ள வடமேற்குப் பிரதேசங்களுக்குத் தலைநகர். பெயர்தான் தலைநகர், இகாலுயிட்டுக்கு வெளியூரிலிருந்து ஒரு சாலைகூடக் கிடையாது. கூகுள் மேப்ஸில் கார் வழி கேட்டால் கையை விரித்துவிடும். விமானம்தான் ஒரே வழி. எவ்வளவு தூரம், எவ்வளவு நேரம்? சாதாரண கால்குலேட்டரை வைத்தே பார்த்துவிடலாம்.

படி 1: ஊர்களின் அமைவிடத்தை எடுங்கள்

இகாலுயிட்: வடக்கு 63.75, மேற்கு 68.52 டிகிரி. யெல்லோநைஃப்: வடக்கு 62.45, மேற்கு 114.37. கழித்தால் அட்சரேகையில் 1.30 டிகிரி வித்தியாசம், தீர்க்கரேகையில் 45.85.

படி 2: டிகிரியைக் கிலோமீட்டராக்குங்கள்

அட்சரேகையில் சிக்கல் இல்லை. எந்த ஊரானாலும் ஒரு டிகிரிக்குச் சுமார் 111 கி.மீ. ஆக 144 கி.மீ.

தீர்க்கரேகையில்தான் பலரும் சறுக்குவார்கள். ஒரு டிகிரிக்கு 111 கி.மீ. என்பது நிலநடுக்கோட்டில் மட்டும்தான் சரி. வடக்கே போகப் போக அந்தக் கோடுகள் ஆரஞ்சுச் சுளைகள் மாதிரி நெருங்கிக்கொண்டே போகும். அதனால் சராசரி அட்சரேகையின் (63.1) கொசைனால் பெருக்க வேண்டும். விடை 0.452 என்று வரும். 0.96 என்று வந்தால் கால்குலேட்டர் ரேடியனில் இருக்கிறது, டிகிரிக்கு மாற்றுங்கள். 45.85 × 111 × 0.452 என்றால் ஏறக்குறைய 2,300 கி.மீ. கொசைனை மறந்தால் 5,000-க்கு மேல் போய்விடும்!

படி 3: இரண்டையும் சேருங்கள்

பள்ளியில் படித்த பிதாகரஸ்தான். இரண்டின் வர்க்கங்களையும் கூட்டி வர்க்கமூலம் எடுத்தால் சுமார் 2,305 கி.மீ.

இப்போது கூகுள் மேப்ஸில் தூரம் அளக்கும் வசதியைத் திறந்து பாருங்கள். 2,260-ஐ ஒட்டி வரும். நம் கணக்கு பூமியைத் தட்டையாக வைத்துப் போட்டது. உருண்டையின் மேல் குறுக்குவழி என்பது வடக்கே வளைந்து, நடுவில் 65 டிகிரி வரை ஏறி இறங்கும்.

படி 4: பறக்கும் நேரம்

நேராகப் பறக்கும் ஜெட் என்றால் மணிக்கு 800 கி.மீ. வைத்து, ஏற இறங்க அரை மணி சேர்த்தால் மூன்றேகால் மணி நேரம் போதும். ஆனால் டிக்கெட்டில் அப்படி இருக்காது. இடையில் ஹட்சன் விரிகுடா கரையிலுள்ள ரேங்கின் இன்லெட்டில் இறங்கி ஏறுவதே வழக்கம். அந்த வழியில் முதல் பகுதி 1,176 கி.மீ., அடுத்தது 1,134. கூட்டினால் 2,310, அதாவது சுற்றிப் போவதால் கூடுவது வெறும் 50 கி.மீ. நேரத்தைத் தின்பது தூரம் இல்லை, நிறுத்தமும் விமானமும்தான். மணிக்கு 500 கி.மீ. போகும் ஏடிஆர் 42 போன்ற புரொப்பெல்லர் விமானமானால், ஏற இறங்க இருபது இருபது நிமிடம், தரையில் முக்கால் மணி எல்லாம் சேர்த்து ஆறு மணி நேரம்.

படி 5: கடிகாரத்தைச் சரிபாருங்கள்

யெல்லோநைஃப் இரண்டு மணி நேரம் பின்தங்கியது. காலை 9-க்குக் கிளம்பி ஆறு மணி நேரம் பறந்தாலும், இறங்கும்போது அங்கே மதியம் 1 மணிதான். டிக்கெட்டை மேலோட்டமாகப் பார்த்தால் நான்கு மணிப் பயணம் போலத் தெரியும். திரும்பி வரும்போது அதே பயணம் எட்டு மணி போல இருக்கும். எதிர்க்காற்று இல்லாததால் உண்மையில் கொஞ்சம் சீக்கிரமே கூட வந்துவிடலாம்.

அப்புறம், பனிப்புயல் வந்தால் இந்தக் கணக்கெல்லாம் செல்லாது. அங்கிருந்து வேறு விமானம் பிடிப்பதானால் மறுநாளுக்கே போடுங்கள்.