384 பேரிடம் கேட்டுவிட்டால் ஆய்வாகிவிடாது: பிஎச்.டி.யில் தவிர்க்க வேண்டிய தவறுகள்

ஒரே பல்கலைக்கழக வளாகத்தில் ஒருவர் கீழாநெல்லிப் பொடியை எத்தனாலில் ஊறப் போட்டிருப்பார். அடுத்த கட்டடத்தில் ஒருவர் எக்ஸ்ரே படங்களை வைத்துக் கணினியைப் பழக்கிக்கொண்டிருப்பார். வணிகவியல் துறையில் ஒருவர் வங்கி ஊழியர்களின் பணி மனநிறைவை அளந்துகொண்டிருப்பார். வரலாற்றுத் துறை மாணவர் ஆவணக் காப்பகத்தில் பழைய ஜமாபந்திக் கணக்கோடு மல்லுக்கட்டிக்கொண்டிருப்பார். நால்வரும் வாங்கப்போவது ஒரே பட்டம்தான். ஆனால் நால்வரும் காட்ட வேண்டிய சான்று நான்கு விதம்.

இது புரியாமல் சீனியரின் ஆய்வேட்டை ஷோத்கங்கா என்ற இணைய ஆய்வேட்டுக் களஞ்சியத்திலிருந்து இறக்கி, ‘முன்னுரை, முன்னாய்வுகள், ஆய்வு நெறிமுறை, பகுப்பாய்வு, முடிவுரை’ என்ற ஐந்து இயல் அச்சில் தன் பொருளை ஊற்றுகிறவர்கள்தான் அதிகம். ஒவ்வொரு பேட்சும் கோர்ஸ் வொர்க் முடித்து வரும்போது அதே பிழைகள் அதே வரிசையில் வருகின்றன. காப்பியடிக்காதே, கைடைப் பகைத்துக்கொள்ளாதே, கடைசி நிமிடத்தில் எழுதாதே என்பதையெல்லாம் எல்லோரும் சொல்லிவிட்டார்கள். அவற்றை விட்டுவிடுகிறேன்.

முதலில் கேள்வித்தாள், பிறகு கேள்வி

வணிகவியல், மேலாண்மை, கல்வியியல், சமூகப்பணி, உளவியல் என்று ஐந்தாறு துறைகளை ஒரே நோய் பிடித்திருக்கிறது. தலைப்பு உறுதியான மறுவாரமே ஐந்து புள்ளி அளவுகோலில் ஐம்பது வாக்கியங்கள் தயாராகிவிடும். மாதிரியில் (ஆய்வுக்கு எடுக்கும் ஆட்களில்) எத்தனை பேர் என்று கேட்டால் யோசிக்காமல் பதில் வரும்: 384. ஏன் 384? ‘கிரெஜ்சி மார்கன் அட்டவணை சார்.’

எத்தனை பேரை எடுக்க வேண்டும் என்று சொல்லும் அந்த அட்டவணை 1970-இல் வந்தது. அதில் தவறில்லை. அது எந்த வேலைக்கு என்பதுதான் மறந்துபோய்விட்டது. கணக்கு இவ்வளவுதான்: 3.841 × 0.5 × 0.5 ÷ (0.05 × 0.05) = 384. மிகப் பெரிய மக்கள்தொகையில் எத்தனை சதவீதம் பேர் ‘ஆம்’ என்பார்கள் என்பதை, 95% நம்பிக்கையுடன் (3.841 அதற்கான எண்), ஐந்து சதவீதப் புள்ளி (0.05) முன்னே பின்னே மதிப்பிட இந்த எண் போதும். அதற்கும் ஒரு நிபந்தனை உண்டு. முழுப் பெயர்ப் பட்டியலிலிருந்து குலுக்கல் முறையில் ஆட்களை எடுத்திருக்க வேண்டும். கூகுள் ஃபார்மை வாட்ஸ்அப் குழுக்களில் போட்டுவிட்டு, 384 பதில் விழுந்ததும் மூடிவிடுவது குலுக்கல் அல்ல. அந்தக் குழுவில் இருப்பவர்களில் ஓய்வாக இருந்தவர்கள் யார் என்பது மட்டுமே அதில் தெரியும்.

சரி, நேரிலேயே போய் எடுத்தார் என்று வைத்துக்கொள்வோம். பள்ளி மாணவர்களைப் பற்றிய ஆய்வில் தனித்தனி மாணவராக யாரும் பொறுக்குவதில்லை. வகுப்பு வகுப்பாகத்தான் எடுக்கிறார்கள். ஒரே வகுப்பில் படிக்கிறவர்களின் பதில்கள் ஒன்றை ஒன்று ஒத்திருக்கும். ஆசிரியர் ஒருவர், ஊர் ஒன்று, நண்பர் கூட்டம் ஒன்று. வகுப்புக்கு 20 பேர், வகுப்புக்குள் ஒப்புமைக் கெழு (பதில்கள் எவ்வளவு ஒத்திருக்கின்றன என்ற அளவு) 0.05 என்று சிறிதாகவே வைத்தாலும், ஆட்களை எத்தனை மடங்கு கூட்ட வேண்டும் என்ற பெருக்கக் காரணி 1 + (20 − 1) × 0.05 = 1.95. அதாவது நீங்கள் திரட்டிய 384 பேர், குலுக்கலில் எடுத்த 197 பேருக்குத்தான் சமம். 384-இன் பலன் வேண்டுமென்றால் 749 பேர் தேவை. இதை வைவா என்ற வாய்மொழித் தேர்வில் வெளித்தேர்வாளர் கரும்பலகையில் போட்டுக் காட்டும்போது, திரும்பவும் பள்ளிக்குப் போக மாணவரிடம் காலமும் இருக்காது, உதவித்தொகையும் இருக்காது. என்னை இன்றும் எரிச்சலூட்டுவது இதுதான். எழுத்துப் பிழையைத் திருத்தலாம், இயலையே மாற்றி எழுதலாம். தவறாகத் திரட்டிய தரவை எந்த மென்பொருளாலும் திருத்த முடியாது.

அடுத்தது இன்னும் மோசம். பெரும்பாலான ஆய்வுகள் சதவீதத்தை மதிப்பிடுவதே இல்லை. ஆண்–பெண், நகரம்–கிராமம் என்று இரண்டு குழுக்களை ஒப்பிடுகின்றன. அதற்கு 384-க்கு எந்தச் சம்பந்தமும் இல்லை. குழுக்களுக்கிடையே அரைத் திட்டவிலக்கம் (மதிப்பெண்கள் சராசரியிலிருந்து எவ்வளவு சிதறியிருக்கின்றன என்ற அளவில் பாதி) அளவு வேறுபாட்டை 80% வாய்ப்போடு கண்டுபிடிக்கக் குழுவுக்கு 64 பேர் போதும். வேறுபாடு 0.2 திட்டவிலக்கம் மட்டுமே என்றால் குழுவுக்கு 394 பேர் வேண்டும். ஆக, பெரிய வேறுபாட்டுக்கு 384 அநாவசியம். சிறிய வேறுபாட்டுக்குப் போதாது. ஜி-பவர் என்ற இலவச மென்பொருளில் இதைப் பத்து நிமிடத்தில் போட்டுவிடலாம். போடுவதற்கு முன் ‘எவ்வளவு வேறுபாடு இருந்தால் அது பொருட்படுத்தத்தக்கது?’ என்ற கேள்விக்குப் பதில் வைத்திருக்க வேண்டும். பலரும் அட்டவணையிடம் ஓடுவதே அந்தக் கேள்வியிலிருந்து தப்பிக்கத்தான்.

பகுப்பாய்வு இயலில் இன்னொரு சடங்கு. வயது, பாலினம், கல்வி, வருமானம், இருப்பிடம், மணநிலை, அனுபவம், குடும்ப வகை என எட்டு. மனநிறைவின் கூறுகள் ஐந்து. எட்டைந்து நாற்பது சோதனைகள். எந்தத் தொடர்பும் இல்லாவிட்டாலும், 5% மட்டத்தில் நாற்பதில் சராசரியாக இரண்டு தற்செயலாகவே ‘குறிப்பிடத்தக்கது’ என்று வரும். அந்த இரண்டுதான் முடிவுரையில் பரிந்துரைகளாக மாறுகின்றன.

கேள்வித்தாளின் தமிழும் கவனிக்கப்படுவதில்லை. ஆங்கில அளவுகோலை மொழிபெயர்க்கும்போது எதிர்மறை வாக்கியங்களை அப்படியே விட்டுவிடுகிறார்கள். ‘எனக்கு வேலையில் சோர்வு ஏற்படுவதில்லை’ என்பதற்கு ‘உடன்படவில்லை’ என்று டிக் அடித்தவர் சோர்வு உண்டு என்கிறாரா, இல்லை என்கிறாரா? பதில் சொன்னவருக்கே குழப்பம். இதற்கு மதிப்பெண்ணைத் திருப்பிப் போட (5-ஐ 1 ஆக, 1-ஐ 5 ஆக) மறந்தால், வாக்கியங்கள் ஒன்றோடொன்று பொருந்துகின்றனவா என்று காட்டும் கிரான்பாக் ஆல்ஃபா என்ற எண் 0.7-க்குக் கீழே விழலாம். உடனே அந்த வாக்கியங்களையே நீக்கி எண்ணை ஏற்றுகிறார்கள். அளக்க வேண்டியதில் பாதி அங்கேயே போய்விடும்.

செய்ய வேண்டிய வரிசை இது. முதலில் ஆய்வுக் கேள்வியை ஒரே வாக்கியத்தில் எழுதுங்கள். அதற்குப் பதில் தரும் அட்டவணைகளை எண்கள் இல்லாமல் வெறும் கட்டங்களாக வரையுங்கள். அதன் பிறகே கேள்வித்தாள். எந்தக் கட்டத்துக்கும் போகாத கேள்வியை அடித்துவிடுங்கள். மொழிபெயர்த்ததை, மூலம் பார்க்காத ஒருவரிடம் கொடுத்து மறுபடி ஆங்கிலமாக்கச் சொல்லி ஒப்பிடுங்கள். எட்டுப் பத்துப் பேரை எதிரே உட்காரவைத்து, ஒவ்வொரு வாக்கியத்தையும் எப்படிப் புரிந்துகொண்டார்கள் என்று சத்தமாகச் சொல்லச் சொல்லுங்கள். திருத்திய பிறகு முப்பது பேரிடம் முன்னோட்டம். முன்னோட்டத்துக்குப் பின் கேள்வியை மாற்றினால் அந்த முப்பதை முதன்மைத் தரவில் சேர்க்கக் கூடாது. எத்தனை பேரை அணுகினீர்கள், எத்தனை பேர் மறுத்தார்கள் என்பதையும் முதல் நாளிலிருந்தே நோட்டில் குறியுங்கள்.

நாட்டு மருந்துக் கடைப் பொடி

மூலிகை ஆய்வில் முதல் கேள்வி: நீங்கள் சோதித்தது எந்தச் செடி? கீழாநெல்லியையே எடுத்துக்கொள்ளுங்கள். பழைய இந்தியத் தாவர நூல்கள் ‘ஃபில்லாந்தஸ் நிரூரி’ என்று எழுதியது உண்மையில் அமாரஸ், ஃப்ரேட்டர்னஸ், டெபிலிஸ் என்ற மூன்று இனங்களின் கலவை என்பது 1985-லேயே எழுதப்பட்டுவிட்டது. இன்றும் சினாப்சிஸில் (ஆய்வுச் சுருக்கத்தில்) நிரூரி என்றே போடுகிறார்கள். ‘பிரம்மி’ என்ற பெயரில் ஓர் ஊரில் நீர்ப்பிரம்மி வரும், இன்னோர் ஊரில் வல்லாரை வரும்.

பொடியாக்கிய பிறகு தாவரவியலாளர் யாராலும் வெறும் கண்ணால் பார்த்துச் சொல்ல முடியாது. ஆகவே செடியைப் பூவோடும் காயோடும் நீங்களே பறித்து, அழுத்தி உலர்த்தி, தாளில் ஒட்டி, பறித்த இடம், தேதி, எண் எழுதிச் சான்று மாதிரியாக ஓர் உலர்தாவரகத்தில் (உலர்த்திய செடிகளைப் பாதுகாக்கும் இடத்தில்) வையுங்கள். கோவையில் இந்தியத் தாவர மதிப்பாய்வு நிறுவனத்தின் தென் மண்டல மையம் இருக்கிறது. திருச்சியில் ராபினாட் உலர்தாவரகம் இருக்கிறது. எல்லாச் சோதனைகளுக்கும் போதுமான அளவை ஒரே பருவத்தில், ஒரே இடத்தில் எடுங்கள். ஆறு மாதம் கழித்து வேறு வயலில் பறித்ததில் அதே முடிவு வரும் என்று எந்த உத்தரவாதமும் இல்லை.

சாற்றை டிஎம்எஸ்ஓ என்ற கரைப்பானில் கரைத்துக் கிருமிமேல் வைத்தால், வெறும் டிஎம்எஸ்ஓ மட்டும் வைத்த ஒரு தட்டும் பக்கத்தில் இருக்க வேண்டும். அது இல்லாத படம் எதையும் நிரூபிக்காது.

99 சதவீதத் துல்லியம்

கணினித் துறையில் இந்த எண்ணைப் பார்த்ததும் மகிழாதீர்கள், பயப்படுங்கள். ஆயிரம் எக்ஸ்ரே படங்களைச் சுழற்றி, திருப்பி, ஐயாயிரம் ஆக்கிவிட்டு அதன் பிறகு 80:20 என்று பிரிப்பது வழக்கமான தவறு. பயிற்சியில் பார்த்த படத்தின் சுழற்றிய பிரதியே சோதனையிலும் இருக்கும். வினாத்தாள் முன்கூட்டியே கையில் கிடைத்த மாணவனின் மதிப்பெண் அது. முதலில் பிரியுங்கள், அதுவும் படவாரியாக அல்ல, நோயாளிவாரியாக. படங்களின் எண்ணிக்கையைப் பெருக்குவது, அளவு சீராக்குவது, எந்த அம்சங்களை வைத்துக் கணிப்பது என்ற தேர்வு, குறைவாக உள்ள வகையை நிரப்புவது எல்லாம் பிரித்த பிறகு, பயிற்சித் தொகுப்பை மட்டும் வைத்து.

நூறில் 95 படங்கள் நோயற்றவை என்றால், எல்லாவற்றுக்கும் ‘நோயில்லை’ என்று சொல்லும் முட்டாள் நிரலும் 95% வாங்கும். நோயுள்ளவர்களில் எத்தனை பேரைப் பிடித்தது, இல்லாதவர்களில் எத்தனை பேரை ‘நோயில்லை’ என்று சரியாகச் சொன்னது என்று இரண்டையும் தனித்தனியாகக் கொடுங்கள்.

அறுபது வருடம் தவறிப்போவது

ஓலையிலும் பழைய கடிதத்திலும் ‘விரோதி வருஷம் தை மாதம்’ என்று மட்டும் இருக்கும். விரோதி 1889-லும் வந்தது, 1949-லும் வந்தது. எது என்பதை ஆவணத்தில் உள்ள ஆட்கள், நாணயம், முத்திரைத்தாள் போன்றவற்றை வைத்துத்தான் முடிவு செய்ய வேண்டும். முடிவு செய்த பிறகும் ஒரு பள்ளம் உண்டு: ஆண்டு சித்திரையில் பிறப்பதால் அந்தத் தை 1949 அல்ல, 1950 ஜனவரி–பிப்ரவரி. வருவாய்க் கணக்கில் வரும் பசலி ஆண்டை ஆங்கில ஆண்டாக்க 590 கூட்டுங்கள். பசலி ஜூலையில் தொடங்குவதால் ஜனவரி முதல் ஜூன் வரை 591. தென்கோடி மாவட்ட ஆவணங்களில் கொல்லம் ஆண்டு வரும். அதற்கு மாதத்தைப் பொறுத்து 824 அல்லது 825. மாற்றி எழுதும்போது மூல ஆண்டையும் பக்கத்திலேயே கொடுங்கள்.

கல்வெட்டுக்கு, கல்வெட்டுத் துறையின் ஆண்டறிக்கையில் உள்ள ஆங்கிலச் சுருக்கத்தை மட்டும் படித்து மேற்கோள் காட்டாதீர்கள். அது கல்வெட்டு அல்ல.

‘சங்க இலக்கியத்தில் …’

கோடிட்ட இடத்தில் நீர், மரம், பறவை, மேலாண்மை என்று எதையாவது நிரப்பி, வரும் அடிகளையெல்லாம் பட்டியலிட்டால் கிடைப்பது அகராதி. இன்னொன்று: பாடலின் கீழே ‘இன்னாரை இன்னார் பாடியது’ என்று வரும் குறிப்பு தொகுத்தவர்கள் சேர்த்தது. பாடலுக்குத் தரும் சான்று மதிப்பை அதற்கும் தந்து வரலாறு எழுதக் கூடாது.

கருதுகோள் (சோதித்துப் பார்க்க முன்கூட்டியே வைக்கும் ஊகம்) எல்லோருக்கும் கட்டாயமா?

இல்லை.

காசு கட்டிக் கட்டுரை

யுஜிசியின் 2022 விதிமுறைகளில் ஆய்வேடு சமர்ப்பிக்கும் முன் இதழில் வெளியிட்டிருக்க வேண்டும் என்ற கட்டாயம் இல்லை. உங்கள் பல்கலைக்கழகம் தனியாகக் கேட்கிறதா என்று விதிப் புத்தகத்தைப் பாருங்கள். கேட்டாலும், மூன்று நாளில் ஏற்றுக்கொண்டு வங்கிக் கணக்கு எண் அனுப்பும் இதழ் வேண்டாம்.

நெறிமுறைக் குழு அனுமதி

மனிதர்களிடம் ரத்தமோ பதிலோ எதை வாங்கினாலும் முதல் ஆளைத் தொடும் முன் எழுத்தில் அனுமதி வேண்டும். பின்தேதியிட்டு எந்த ஒழுங்கான குழுவும் தராது. அரசுப் பள்ளி என்றால் முதன்மைக் கல்வி அலுவலரின் கடிதமும் தனியாக வேண்டும். பொதுத்தேர்வு நடக்கும் மார்ச், ஏப்ரலில் தலைமையாசிரியர் யாரும் உள்ளே விடமாட்டார். ஜூனில் பள்ளி திறக்கும்போது இரண்டு கடிதமும் கையில் இருக்கும்படி ஜனவரியிலேயே விண்ணப்பியுங்கள்.