கொலஸ்ட்ரால் குறைய, கேன்டீன் எண்ணெயிலிருந்து தொடங்குங்கள்

ராணிப்பேட்டை, ஆம்பூர் பக்கம் ஷூ கம்பெனிகளில் முகாம் போட்டு, கொலஸ்ட்ரால் பரிசோதனைக்கு ரத்தம் எடுப்பதோடு நின்றால் பயனில்லை. கேன்டீனைப் பாருங்கள். பாமாயிலில் ஏறக்குறைய பாதி, கொலஸ்ட்ராலை ஏற்றும் நிறைகொழுப்பு. நம்மூர்க் கடலை எண்ணெயில் ஐந்தில் ஒரு பங்குதான். நேற்று போண்டா பொரித்த எண்ணெயில் இன்றைக்கு வடை சுடுவதை முதலில் நிறுத்தச் சொல்லுங்கள். சாயங்கால டீயோடு கொண்டைக்கடலை, காராமணிச் சுண்டல் வைக்கலாம். அதிலுள்ள கரையும் நார்ச்சத்து எல்.டி.எல். என்ற கெட்ட கொலஸ்ட்ராலைக் கொஞ்சம் இறக்கும். பிரியாணியை அடியோடு விடச் சொன்னால் ஆம்பூரில் யார் கேட்பார்கள்? அளவைக் குறைக்கச் சொல்லுங்கள், போதும்.

எல்.டி.எல். 190-ஐத் தாண்டியவர்கள், சர்க்கரை, இதய நோய் உள்ளவர்களை டாக்டரிடம் அனுப்புங்கள். மற்றவர்களுக்கு மூன்று மாதம் கழித்து மறு பரிசோதனை. ரிப்போர்ட் அவரவர் கையில் மட்டும். சூப்பர்வைசர் மேஜைக்குப் போகக் கூடாது.