ஒரே கதை, இரண்டு திரை: குழந்தைகள் தொடரை ஆன்லைன் விளையாட்டோடு இணைப்பது எப்படி?

திரைக்கதைக்கு முன்பே கதை உலகக் குறிப்பேட்டை எழுதுங்கள். யார் எங்கே வாழ்கிறார்கள், எதைச் செய்யவே முடியாது என்று பத்துப் பக்கம் போதும். தொடர் குழுவும் விளையாட்டுக் குழுவும் ஒரே பிரதியைப் பார்க்க வேண்டும். தொடரில் தண்ணீருக்குப் பயப்படும் பூனை விளையாட்டில் குளத்தில் குதித்தால், ஆறு வயதுக் குழந்தை உடனே பிடித்துவிடும்.

11 நிமிட அத்தியாயத்தில் ஒன்றை மட்டும் திறக்காமல் விடுங்கள். பூனை ஒரு பூட்டிய பெட்டியைப் பரணில் வைக்கிறது. அன்றைய கதை நிறைவாக முடிகிறது. பெட்டிக்குள் இருப்பது விளையாட்டில் தெரியட்டும். கதையின் முடிவையே அங்கே ஒளிக்காதீர்கள். போன் கிடைக்காத குழந்தைக்கு அடுத்த வாரம் எதுவும் புரியாது, தொடரையே விட்டுவிடும்.

பாத்திரத்தின் குணம் திரை மாறினாலும் மாறக் கூடாது. போக்கிமான் 1996-ல் ஜப்பானில் விளையாட்டாக வந்து, 1997-ல் டிவி தொடரானது. தொடரில் பிகாச்சு என்ற போக்கிமான், மற்றவற்றைப் போலத் தன்னை அடைத்து வைக்கும் பந்துக்குள் போக மறுக்கும். 1998-ல் வந்த மஞ்சள் பதிப்பு விளையாட்டிலும் அப்படியே, ஆடுபவரின் பின்னால் நடந்தே வந்தது. எவ்வளவு அழகான இணைப்பு!

விளையாட்டின் ஒரு சுற்று 3 முதல் 5 நிமிடம் இருக்கட்டும். வாசிக்கத் தெரியாதவர்களுக்குக் குரலில் வழிகாட்டுங்கள். டப்பிங் நாளிலேயே அதே கலைஞரிடம் அந்த வரிகளையும் பதிவு செய்துவிடுங்கள். ஒளிபரப்புக்கு ஒரு மாதம் முன்பே விளையாட்டு தயாராக வேண்டும், ஆப் ஸ்டோர் திருப்பி அனுப்பினால் திருத்த நேரம் இருக்கும்.

பெயர், மின்னஞ்சல் கேட்காதீர்கள். அமெரிக்காவில் 13 வயதுக்குட்பட்டவர்களின் தகவலைத் திரட்டப் பெற்றோர் ஒப்புதல் தேவை. இந்தியாவின் 2023 தரவுப் பாதுகாப்புச் சட்டத்தில் அந்த வயது 18. எதுவரை ஆடியது என்பதைக் குழந்தையின் கருவியிலேயே சேமித்தால் போதும்.